கணக்கு யாருக்கு வந்துச்சு?

போன ஞாயித்துக்கிழமை டெஸ்ட்ல ஒரு பையன் ரெண்டு பக்கத்தை அப்படியே வெள்ளையா விட்டுட்டு பேப்பரைக் குடுத்தான். வெள்ளிக்கிழமை வரைக்கும் அவன் ஹோம்வொர்க் நோட்ல ஒரு அடித்தல் திருத்தல் கிடையாது, அத்தனையும் சரி, நானே பக்கத்துல இருந்த பொண்ணுகிட்ட "இவன் நோட்டைப் பாரு, இப்படி எழுதணும்"னு காட்டி வேற இருக்கேன். என்னடா ஆச்சுன்னு கேட்டா தலையைச் சொறிஞ்சுக்கிட்டே "வீட்ல போடும்போது வந்துச்சு மிஸ்"ங்கிறான்.

வந்துச்சாம். நம்ம அப்படித்தானே சொல்லுவோம், இவளுக்கு கணக்கு நல்லா வரும், அவனுக்கு கணக்கு வராதுன்னு, கணக்கு என்னமோ கோவிச்சுக்கிட்டுப் போன சொந்தக்காரங்க மாதிரி சில வீட்டுக்கு வரும் சில வீட்டுப் பக்கம் எட்டியே பார்க்காது. பையன் பொய் சொல்லலை. வீட்ல வந்துச்சுதான். யாருக்கு வந்துச்சு, அவனுக்கா இல்ல போன்ல இருக்கிற ஏஐக்காங்கிறதுல தான் விஷயம் இருக்கு.

நான் விருதுநகர் மாவட்டத்துல ஒரு சின்ன ஊர்ல எங்க வீட்டு ஹால்லயே டியூஷன் எடுக்கிறேன். ஒம்பதாவது பத்தாவது மட்டும், மேத்ஸ் மட்டும், பன்னெண்டு வருஷமாச்சு. இத்தனை வருஷமும் எங்கிட்ட இருந்தது ஒரே ஒரு ஆயுதம், அதுவும் ரொம்ப சாதாரணமானது, புக்ல இருக்கிற கணக்கை எடுத்து நம்பரை மட்டும் மாத்திக் குடுக்கிறது. எல்லா வீட்லயும் கைடு இருக்கும், அதைப் பார்த்து அச்சு அசலா எழுதிட்டு வந்து நீட்டுவாங்க, நானும் டிக் போட்டுட்டு "சூப்பர்டா, இப்ப 28க்கு பதிலா 21 வச்சு இங்கயே உக்காந்து போடு"ம்பேன். அவ்ளோதான், முகத்துலயே தெரிஞ்சிடும். கைடு பாவம், அதுக்கு புக்ல இருக்கிற கணக்கு மட்டும்தான் தெரியும், நம்பர் மாறினா அதுக்கு வாய் அடைச்சுப் போயிடும்.

கேள்வியைக் குடுத்தா பதில் எழுதித் தர்ற சாட்பாட் சாட்ஜிபிடி வெளிய வந்தது 2022 நவம்பர் 30. எங்க ஊர்ப் பசங்க கைக்கு வந்து சேர அடுத்த வருஷம் ஆயிடுச்சு, அப்புறம் வேற வேற சாட்பாட்டும் வந்துச்சு, எது எதுன்னு நான் கேட்டுக்கிறது இல்ல, அவங்களுக்கும் தெரியாது, எல்லாமே அவங்களுக்கு ஏஐதான். முதல் வருஷம் எனக்கு செம ஜாலியா இருந்துச்சு, உண்மையைச் சொல்றேன். ஏன்னா அது தப்புத் தப்பா போட்டுக் குடுக்கும். இடைக்கண்டம், அதான் கூம்போட முனையை வெட்டி எடுத்துட்டா மிச்சம் இருக்கிற வடிவம், அதோட கனஅளவு கணக்கு ஒண்ணு உண்டு, உயரம் 45, ஆரம் ஒரு பக்கம் 28 இன்னொரு பக்கம் 7, ஃபார்முலா கரெக்டா எழுதியிருக்கும், உள்ள 784, 49, 196 மூணையும் கூட்டி 1029ன்னு கரெக்டா வந்திருக்கும், கடைசில 48,510 வர வேண்டிய இடத்துல பக்கத்து வீட்டு நம்பர் மாதிரி என்னமோ ஒண்ணு நிக்கும். ரெண்டு மூணு பேர் நோட்ல ஃபார்முலா அத்தனையும் சரியா இருந்து கடைசி வரி மட்டும் தப்பா இருந்தா எனக்கு உடனே புரிஞ்சிடும், ஏன்னா நம்ம பசங்க தப்பு அப்படி இருக்காது, நம்ம பசங்க ஃபார்முலாலயே விழுந்துடுவாங்க.

ஏன் அப்படி ஆச்சுன்னு அப்போ உக்காந்து படிச்சேன். அது அடிப்படையில செய்றது ஒண்ணுதான், இதுவரைக்கும் எழுதினதைப் பார்த்து அடுத்த துண்டு என்னவா இருக்கும்னு கணிச்சு எழுதுறது. நம்ம ஏழு எட்டு அம்பத்தாறு, ஆறு போட்டு அஞ்சு மேலன்னு கீழ கீழ எழுதிப் பெருக்குவோமே, அந்த மாதிரி கட்டம் போட்ட தாள் எதுவும் அதுகிட்ட கிடையாது. 1029ங்கிற நம்பரையே அது ஆயிரத்து இருபத்தொம்பதுன்னு பார்க்கறது இல்ல, எழுத்துத் துண்டாத்தான் பார்க்குது. சின்ன பெருக்கல் நிறைய தடவை படிச்சிருக்கும் அதனால வந்துடும், பெரிய நம்பர்னா உத்தேசமா ஒண்ணை எழுதிடும். அப்புறம் என்ன பண்ணாங்கன்னா, ஒவ்வொரு ஸ்டெப்பா யோசிச்சு எழுதப் பழக்கினாங்க, கணக்கு வந்தா பின்னாடி ஒரு சின்ன புரோகிராம் எழுதி ஓட்டிப் பார்த்து விடை சொல்லவும் வச்சாங்க. அவ்ளோதான், என் ஜாலி முடிஞ்சுது.

2024 ஜூலைல ஒரு கூத்து நடந்துச்சு ஞாபகம் இருக்கா. 9.11 பெருசா 9.9 பெருசான்னு கேட்டா பெரிய பெரிய சாட்பாட் எல்லாம் 9.11தான் பெருசுன்னு சொல்லி நெட்ல எல்லாரும் சிரிச்சாங்க. அதே மாசம்தான் கூகுள் டீப்மைண்டோட ஆல்ஃபாப்ரூஃப், ஆல்ஃபாஜியோமெட்ரி 2ன்னு கணக்குக்குன்னே செஞ்ச ரெண்டு ஏஐயும் சேர்ந்து சர்வதேச கணித ஒலிம்பியாட் கணக்கு ஆறுல நாலைப் போட்டு 42க்கு 28 எடுத்துச்சு, வெள்ளி மெடல் லெவல், தங்கத்துக்கு ஒரே ஒரு மார்க் கம்மி. அடுத்த வருஷம் 2025ல ரெண்டு கம்பெனியோட மாடல் 35 எடுத்து தங்க லெவலுக்கே போயிடுச்சு, ஆறாவது கணக்கு மட்டும் ரெண்டுக்கும் வரலை. எனக்கு இந்த ஒலிம்பியாடை விட அந்த 9.11 தான் சுவாரஸ்யமா பட்டுச்சு, ஏன்னா எங்கிட்ட வர்ற ஒம்பதாவது பசங்க வருஷத்துக்கு நாலு பேராவது இதே தப்பைப் பண்ணுவாங்க. "பதினொண்ணு தானே மிஸ் ஒம்பதை விடப் பெருசு"ன்னு கேப்பாங்க. அவங்க எங்க இருந்து அதைச் சொல்றாங்கன்னு எனக்குத் தெரியும், புள்ளிக்கு அந்தப் பக்கம் இருக்கிறதையும் தனி நம்பரா வாசிக்கிறாங்க, அப்போ ஒம்பது ரூபா தொண்ணூறு காசு பெருசா ஒம்பது ரூபா பதினோரு காசு பெருசான்னு கேட்டா அடுத்த செகண்ட் நாக்கைக் கடிச்சுக்குவாங்க.

சரி, பையன் விஷயத்துக்கு வரேன். இப்போ சாட்பாட் பத்தாவது கணக்குல தப்பு பண்றதே இல்லைன்னு வச்சுக்கலாம், நான் நம்பர் மாத்திக் குடுத்தாலும் போட்டோ புடிச்சா போட்டுக் குடுத்துடுது. என் ஆயுதம் துருப்புடிச்சுப் போச்சு. கைடு காலத்துலயும் காப்பிதானே அடிச்சாங்க, இப்போ மட்டும் என்ன புதுசுன்னு என் வீட்டுக்காரர் கேட்டார். கால்குலேட்டர் வந்தப்பவும் இப்படித்தான் கத்துனீங்கன்னும் சொன்னார். ரெண்டுமே நல்ல கேள்விதான், ஆனா ரெண்டும் சரியில்ல. கால்குலேட்டர் பெருக்கித்தான் குடுக்கும், எதை எதால பெருக்கணும்னு நீதான் சொல்லணும். கைடு அந்த ஒரு கணக்கைச் சொல்லிக் குடுக்கும், அடுத்த கணக்குக்கு நீதான் யோசிக்கணும். இது அந்த எதை எதாலங்கிறதையே செஞ்சு குடுத்துடுது, அடுத்த கணக்குக்கும் செய்யும், அதுக்கடுத்ததுக்கும் செய்யும், ராத்திரி ரெண்டு மணிக்கு எழுப்பினாலும் செய்யும். கணக்குல சொல்லித்தர வேண்டிய விஷயமே அந்த ஒண்ணுதான்.

நான் மட்டும் புலம்பலை. அமெரிக்கால பென்சில்வேனியா யுனிவர்சிட்டி ஆளுங்க துருக்கில ஒரு ஹைஸ்கூல்ல கிட்டத்தட்ட ஆயிரம் பசங்களை வச்சு இதைப் பார்த்திருக்காங்க, 2024ல வெளியிட்டாங்க. ஒரு குரூப்புக்கு சாதாரண சாட்பாட், இன்னொரு குரூப்புக்கு விடையைச் சொல்லாம குறிப்பு மட்டும் குடுக்கிற மாதிரி டீச்சருங்க உதவியோட தயார் பண்ண சாட்பாட், மூணாவது குரூப்புக்கு எதுவும் இல்ல, புக்கும் நோட்டும்தான். பயிற்சிக் கணக்கு போடுறப்போ மூணாவது குரூப்பை விட முதல் குரூப் 48 சதவீதம் அதிகமா எடுத்தாங்க, ரெண்டாவது குரூப் 127 சதவீதம் அதிகம். அப்புறம் எல்லாத்தையும் புடுங்கிட்டு பரீட்சை வச்சாங்க. முதல் குரூப், எதுவுமே இல்லாம படிச்சவங்களை விட 17 சதவீதம் கம்மி. குறிப்பு குடுத்த குரூப்புக்கு அந்த நஷ்டம் பெரும்பாலும் இல்ல, ஆனா பெருசா லாபமும் இல்ல. இதுல என்னை உக்காந்து யோசிக்க வச்சது வேற, முதல் குரூப் பசங்களுக்கு நாம கம்மியாத்தான் கத்துக்கிட்டோம்கிறதே தெரியலையாம். வீட்ல போடும்போது வந்துச்சு மிஸ். துருக்கி பாஷைல இதை எப்படிச் சொல்லுவாங்களோ.

இன்னொரு தலைவலி, அது போடுற வழி. பத்தாவது இயற்கணிதத்துல பல்லுறுப்புக் கோவையோட வர்க்கமூலம் கண்டுபிடிக்கிறது வரும், வகுத்தல் முறையில. எக்ஸ் பவர் நாலு மைனஸ் 12 எக்ஸ் க்யூப் ப்ளஸ் 42 எக்ஸ் ஸ்கொயர் மைனஸ் 36 எக்ஸ் ப்ளஸ் 9. நம்ம புக்ல நீளமா கோடு போட்டு வகுத்துக்கிட்டே போகணும், நடுவுல குறி மாத்தி கழிக்க மறந்தா தொலைஞ்சோம், பாதிப் பேர் அங்கதான் விழுவாங்க. சாட்பாட் என்ன பண்ணுச்சுன்னா, விடை எக்ஸ் ஸ்கொயர் ப்ளஸ் ஏ எக்ஸ் ப்ளஸ் பி மாதிரி தானே இருக்கும், வர்க்கம் பண்ணா எக்ஸ் க்யூபுக்கு முன்னாடி 2ஏ வரும், அது மைனஸ் 12, அப்போ ஏ மைனஸ் 6. எக்ஸோட கெழு 2ஏபி, அது மைனஸ் 36, அப்போ பி 3. சரிபார்க்கணும்னா ஏ ஸ்கொயர் ப்ளஸ் 2பி, 36 ப்ளஸ் 6, 42. முடிஞ்சுது, நாலு வரி. அழகா இருக்கு, நான் ஒத்துக்கிறேன், எனக்கே பார்த்ததும் சந்தோஷமா இருந்துச்சு. ஆனா கேள்வில வகுத்தல் முறையில்னு இருந்தா இதுக்கு யாரு மார்க் போடுவா? அதை அந்தப் பையன்கிட்ட சொன்னா "விடை சரி தானே மிஸ்"ங்கிறான். நான் என்ன சொல்றது. நியாயமா பார்த்தா அவன் கேக்கிறதும் சரிதான், அந்த நாலு வரியை அவனே யோசிச்சிருந்தா நான் தலைமேல தூக்கி வச்சு ஆடியிருப்பேன். மைனஸ் 3ஐ வர்க்கம் பண்ணாலும் 9 தானே, பி ஏன் மைனஸ் 3 வராதுன்னு கேட்டேன், பேந்தப் பேந்த முழிச்சான்.

தமிழ்ல கேட்டா இன்னும் வேடிக்கை. எங்க பசங்கள்ல பாதிக்கு மேல தமிழ் மீடியம். சார்புன்னு புக்ல இருக்கும், அது செயல்பாடுங்கும். மூலங்கள்னு இருக்கும், அது வேர்கள்ங்கும். கூட்டுத் தொடர்வரிசைக்கு ஒரு தடவை எண்கணித முன்னேற்றம்னு எழுதியிருந்துச்சு, நான் ஒரு நிமிஷம் இது என்ன அரசாங்கத் திட்டமான்னு நெனச்சேன். ஒரு பொண்ணு டெஸ்ட்ல அப்படியே எழுதிட்டா, அவளைத் திட்டவும் முடியலை. இங்கிலீஷ்ல யோசிச்சதைத் தமிழ்ல கொட்டுதுன்னு தெரியுது. முன்னாடி தமிழ்னா அதுக்கு ரொம்ப செலவு வேற, எழுத்தை ரொம்பப் பொடியா நறுக்கித்தான் படிச்சிட்டு இருந்துச்சு, 2024 மே மாசம் ஜிபிடி-4ஓங்கிற புது மாடல் வந்தப்போ சாட்ஜிபிடி கம்பெனி ஓப்பன்ஏஐயே ஒரு உதாரணம் காட்டுச்சு, ஒரே தமிழ் வாசகம் முன்னாடி 116 துண்டு, இப்போ 35 துண்டுன்னு. துண்டு கொறைஞ்சது நல்லதுதான், ஆனா மூலம்னா என்னன்னு நம்ம பாடப்புத்தகத்தைத் தான் காட்டணும், வேற வழியில்ல.

படம் வரையிறது மட்டும் இன்னும் நம்ம கையிலதான் இருக்கு. பத்தாவது பரீட்சைல எட்டு மார்க் கேள்வி ரெண்டு, ஒண்ணு வடிவியல், ஒண்ணு வரைபடம், மொத்தம் 16 மார்க். காம்பஸை நீதான் புடிக்கணும், பென்சிலை நீதான் சீவணும். இந்த ஒரு விஷயத்துல டெஸ்ட் மார்க்கும் ஹோம்வொர்க் மார்க்கும் ஒண்ணாவே இருக்கு, கவனிச்சேன்.

அது கூட சண்டை போட்டா என்ன ஆகும்னு ஒரு நாள் பசங்க முன்னாடியே செஞ்சு பார்த்தோம். சரியா போட்ட விடையை "தப்பு, எங்க மிஸ் வேற சொன்னாங்க"ன்னு டைப் பண்ணச் சொன்னேன். உடனே மன்னிக்கவும், நீங்கள் சொல்வது சரி, என் கவனக்குறைவுன்னு சொல்லி நான் வாய்க்கு வந்ததைச் சொன்ன விடைக்கு ஸ்டெப் போட்டு நிரூபிச்சும் காட்டிடுச்சு. பசங்க விழுந்து விழுந்து சிரிச்சாங்க. எல்லா தடவையும் இப்படி வளையாது, சில சமயம் இல்லைங்க நான் சொன்னதுதான் சரின்னு நிக்குது. ஆனா எப்போ வளையும் எப்போ நிக்கும்னு ஒரு பத்தாவது பிள்ளை எப்படிக் கண்டுபுடிப்பா?

இவ்ளோ திட்டிட்டேன், இப்போ ஒண்ணு சொல்லணும், இது எனக்கே கொஞ்சம் சங்கடம். ஒரு பொண்ணு வர்றா, வாயே திறக்க மாட்டா. ஸ்கூல்ல ஐம்பது பேர் கிளாஸ், அங்கயும் பேச மாட்டா, இங்க எட்டு பேர்தான் இங்கயும் பேச மாட்டா. அவ அம்மா போனைக் காட்டினாங்க, ராத்திரி பதினோரு மணிக்கு அந்த சாட்பாட்கிட்ட கேட்டிருக்கா, மைனஸும் மைனஸும் பெருக்கினா ஏன் ப்ளஸ்னு. பத்தாவது படிக்கிற பொண்ணு, ஏழாவதுல கேட்டிருக்க வேண்டிய கேள்வி, மூணு வருஷமா உள்ளயே வச்சிருந்திருக்கா. அதுக்கு அது முதல்ல கடன் அது இதுன்னு என்னமோ சொல்லியிருக்கு, இவ புரியலைன்னு போட்டிருக்கா, மறுபடி புரியலைன்னு போட்டிருக்கா. மூணாவது தடவை அது சொல்லியிருக்கு, 3ஐ மைனஸ் 2ஆல பெருக்கினா மைனஸ் 6, 2ஐ பெருக்கினா மைனஸ் 4, 1ஐ பெருக்கினா மைனஸ் 2, 0ஐ பெருக்கினா 0, ஒவ்வொரு படிக்கும் ரெண்டு ரெண்டா ஏறிட்டே வருது பார், இப்போ அடுத்த படி மைனஸ் 1, என்ன வரணும்னு நீயே சொல்லுன்னு. இவ 2ன்னு போட்டிருக்கா. கீழ ஒரு வரி, இப்ப புரிஞ்சிடுச்சு தேங்க்ஸ்னு.

எங்கிட்ட கேட்டிருந்தா நான் என்ன சொல்லியிருப்பேன்னு நெனச்சுப் பார்த்தேன். "அது ரூல்டி, மனப்பாடம் பண்ணு"ன்னு தான் சொல்லியிருப்பேன், சொல்லியும் இருக்கேன் நிறைய பேருக்கு. மூணு தடவை புரியலைன்னா என் மூஞ்சி மாறியிருக்கும், அது அவளுக்குத் தெரியும், அதான் கேக்கலை. அதுக்கு மூஞ்சி இல்ல, அது ஒரு பெரிய சௌகரியம்.

அதுல இருந்து நான் ரெண்டு விஷயம் மாத்திக்கிட்டேன். ஒண்ணு, ஹோம்வொர்க்கே பேனால, ரப்பர் கிடையாது, ஒயிட்னர் கிடையாது, அடிச்சா ஒரே கோடுல அடிக்கணும், அடியில இருக்கிறது எனக்குப் படிக்கத் தெரியணும். அடித்தல் இல்லாத நோட்டை நான் திருத்தறதே இல்ல இப்போ. பெத்தவங்களுக்கு இது புடிக்கலை, நோட்டு அசிங்கமா இருக்காம். ரெண்டாவது, ஒரு தப்பு நோட்டு வச்சிருக்கேன், யாரு என்ன தப்பு பண்ணாங்கன்னு பேர் இல்லாம எழுதி வைக்கிறது. மேல எக்ஸ் ப்ளஸ் 3, கீழ எக்ஸ்னு இருக்கிற பின்னத்துல மேலயும் கீழயும் எக்ஸை அடிச்சு 3ன்னு எழுதுறது, பியோட மதிப்பு மைனஸ் 12ன்னா மைனஸ் பிக்கும் மைனஸ் 12ன்னே எழுதுறது, ரூட்டை பாதி வரைக்கும் மட்டும் இழுத்து விடுறது. ஒரு நாள் சாட்பாட்டையே பத்தாவது பையன் மாதிரி தப்பா ஒரு கணக்கு போட்டுத் தான்னு கேட்டேன், திருப்பித் திருப்பி ஏ ப்ளஸ் பி ஹோல் ஸ்கொயரை ஏ ஸ்கொயர் ப்ளஸ் பி ஸ்கொயர்னே போட்டுக் குடுக்குது. எங்க பசங்க கற்பனைக்கு அது இன்னும் வரலை.

அந்தப் பொண்ணு போன மாசம் முதல் தடவையா எங்கிட்ட வாயைத் திறந்து ஒண்ணு கேட்டா. எல்லாரும் போனதுக்கு அப்புறம், செருப்பு மாட்டிக்கிட்டே. "மிஸ், அது நான் எதைக் கேட்டாலும் அருமையான கேள்வின்னு சொல்லுது மிஸ். நெஜமாவே நல்ல கேள்வியான்னு எப்படித் தெரியும்?" என்ன கேட்டேன்னு சொல்லு பார்ப்போம்னேன். எக்ஸ் ஸ்கொயர் ப்ளஸ் எக்ஸ் ப்ளஸ் 1க்கு தன்மைக்காட்டி, அதான் பி ஸ்கொயர் மைனஸ் 4ஏசி, மைனஸ் 3 வருது, மெய்யெண் மூலங்கள் இல்லைன்னு எழுதுறோம், அப்போ மெய்யில்லாத மூலம் எங்கயாவது இருக்கான்னு கேட்டாளாம். அதுக்கு அது கலப்பு எண்கள்னு ஒரு பக்கம் எழுதித் தள்ளியிருக்கு, பன்னெண்டாவது ரெண்டாவது பாடம் அது, இவளுக்கு ஒண்ணும் ஏறலை.

நெஜமாவே நல்ல கேள்விதான்டின்னேன். இத்தாலில கார்டானோன்னு ஒரு டாக்டர், கணக்கும் போடுவார், அவர் 1545ல இதே இடத்துல முட்டிக்கிட்டு நின்னார், அவர் எழுதி வச்ச கணக்கைத் தரேன், போனைத் தொடாம ரெண்டு நாள் பாரு, வரலைன்னாலும் பரவாயில்லைன்னு சொல்லி நோட்ல எழுதிக் குடுத்தேன். 10ஐ ரெண்டாப் பிரி, அந்த ரெண்டையும் பெருக்கினா 40 வரணும்.

ரெண்டு நாள் இல்ல, மறுநாளே வந்துட்டா. நோட்டு முழுக்க அடிச்சு அடிச்சு எழுதியிருந்தா. 1ம் 9ம் 9, 2ம் 8ம் 16, 3ம் 7ம் 21, 4ம் 6ம் 24, 5ம் 5ம் 25. அப்புறம் 6ம் 4ம் மறுபடி 24. அதை அடிச்சிட்டு கீழ 4.5ம் 5.5ம், 24.75. அதையும் அடிச்சிட்டு 4.9ம் 5.1ம், 24.99. மைனஸ் 2ம் 12ம் கூட போட்டுப் பார்த்து மைனஸ் 24ன்னு அடிச்சிருந்தா. கடைசி அடித்தலுக்குக் கீழ விரலை வச்சுக்கிட்டு, கொஞ்சம் கோவமாவே சொன்னா, "25க்கு மேல ஏறவே மாட்டேங்குது மிஸ்."